ஓட்டம் வேறு, அழுத்தம் வேறு!



‘கரண்டு போய்விட்டது’, ‘கரண்டு அடித்தது’, ‘கரண்டுக்குப் பணம் கட்டினேன்’ என்கிறோம். அயற்சொல் ஒன்று, பொருளோ மூன்று. போனது மின்வழங்கல். அடித்தது, உடல்வழிப் பாய்ந்த மின்னோட்டம். பணம் கட்டியது மின்னாற்றலுக்கு; 1,000 வாட்டுத் திறனுடைய கருவி 1 மணி நேரம் இயங்கினால் ஓர் அலகு.

பொறியியல் பிரித்தறியும் இவற்றைத் தமிழும் பிரித்துரைக்கிறது. கம்பியில் ஓடுவது ஓட்டம், ஓடச் செய்வது அழுத்தம், தடுப்பது தடை. பேச்சில் ஆற்றலும் திறனும் ஒன்றே. பொறியியலிலோ, ஆற்றல் செலவாகும் விரைவே திறன்.

இது வெறுஞ்சொல் வழக்கன்று, உயிர் வழக்கு! சொடுக்கியை உயிர்ப்புக் கம்பியில் இணைக்காது, ஓட்டம் திரும்பும் நொதுமல் கம்பியில் இணைத்துவிட்ட வீடு அது. விளக்கு அணைந்ததும் ‘கரண்டு இல்லை’ என்று கைவைக்கிறான் தொழிலாளி. ஓட்டம் இல்லைதான், ஆனால், விளக்குத் தாங்கியில் 230 வோல்ட்டு அழுத்தம் அப்படியே இருக்கிறது! அவன் உடலே நிலத்துக்கு வழியாகிறது, ஓட்டம் பிறக்கிறது, உயிரும் போகக்கூடும்.

‘ஓட்டம் நின்றது, அழுத்தம் நீங்கிற்றா?’ எனக் கேட்கும் தெளிவைத் தாய்மொழிச் சொல் அவனுக்குத் தரும். பயிலகந்தோறும், பணிக்களந்தோறும் அச்சொற்களை வழங்கச் செய்வோம். தமிழில் தொழில் கற்பிப்போம்; தமிழன் உயிர் காப்போம்!