கடனாளிக்கு வீடு எப்போது?

(பேலியகொடையில் ஆற்றப்பட்ட உரை)



களனி கங்கைக்கு இப்பால் கூடியிருக்கும் நம்மிற் பலர் வாடகை வீட்டில் வாழ்வோர். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வீட்டு விலை கைக்கெட்டாமையால் கங்கையைக் கடந்து வந்தோரும் உளர். “எத்தனை காலம் வாடகை கொடுப்பது? கடன்பட்டேனும் சொந்தக் கூரை வேண்டாமா?” என்னும் கேள்வி குடும்பந்தோறும் எழுகின்றது. 1983 யூலையில் தலைநகரில் வீடுவாசல் எரியக் கண்ட சமுதாயம், தனக்கென ஓர் உறைவிடம் தேடுவதில் வியப்பென்ன? ஆனால், பழைய கடன் தோளை அழுத்தும்போதே புதிய கடனையும் ஏற்றி வீடு வாங்கலாமா என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட வினா.

கணக்கைப் பார்ப்போம். நூறு இலட்சம் ரூபாவை இருபது ஆண்டுத் தவணையில், நூற்றுக்கு 12 வட்டிக்குப் பெற்றால், மாதம் ஏறத்தாழ 1,10,000 ரூபா செலுத்தவேண்டும். முதல் மாதத்தில் இதில் 1,00,000 ரூபா வட்டி. முதலிற் கழிவது 10,000 ரூபாவே! வாடகை வீண்பணம் என்போர் இந்த வட்டியை என்னவென்று அழைப்பர்?

வட்டி 24 ஆக உயர்ந்தாலோ, தவணை இரண்டு இலட்சத்தைத் தாண்டும். இது வெறும் அச்சமன்று. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி தன் கொள்கை வட்டியை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. அதே மாதத்தில் வெளிநாட்டுக் கடனை இறுக்க இயலாதென அரசாங்கமே கைவிரித்தது. செப்டெம்பரில் கொழும்புப் பணவீக்கம் நூற்றுக்கு 69.8 ஆயிற்று. தவணையும் ஏறியது, அரிசியும் ஏறியது. சம்பளமோ அவற்றைத் தொடர இயலாது பின்தங்கியது. 2023 நடுப்பகுதியிலிருந்து வட்டி இறங்கியது உண்மையே. இறங்கியது இருபது ஆண்டுக்குள் மீண்டும் ஏறாதென்று எவர் பிணைநிற்பார்?

தவணை தவறினால் நேர்வது யாது? 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம், ஈடு வைத்த சொத்தை நீதிமன்ற வழக்கின்றியே, பணிப்பாளர் சபையின் தீர்மானத்தின்மேல், பகிரங்க ஏலத்தில் விற்க வங்கிகளுக்கு அதிகாரம் அளித்தது. ‘பராட்டே’ என்று பேசப்படுவது இதுவே. காணி உறுதியில் உங்கள் பெயர் இருக்கலாம். ஈடு மீளும்வரை வீடு முற்றும் உங்களுடையதன்று.

கமக்காரப் பெரியோர்களே! மகன் கொழும்பில் வீடு வாங்க முற்பணம் கேட்டால், யாழ்ப்பாணத்துத் தந்தை தோட்டக் காணியை ஒற்றி வைக்கின்றார். மாதாமாதம் வட்டி கட்டாமையால் சிலர் இதைக் கடனென்றே எண்ணுவதில்லை. தேசவழமை அறிந்த நமக்குத் தெரியாததா? பணம் கொடுத்தவன் வட்டிக்கு ஈடாக விளைச்சலை எடுப்பதே ஒற்றி. வெங்காயமும் புகையிலையும் தந்த வருமானம் பிறர் கைக்குப் போகின்றது. மகன் கட்டும் தவணை ஒன்று, தந்தை இழக்கும் விளைச்சல் ஒன்று. ஒரு வீட்டுக்காக இரண்டு குடும்பங்கள் கடன் சுமக்கின்றன. மகனின் கை தளர்ந்தால் கொழும்பு வீடும் போகும். ஊர்க் காணியை மீட்கும் வழியும் அடைபடும்.

அப்படியாயின் வீடே வாங்கலாகாதா? வாங்குங்கள், ஆனால் வரிசை அறிந்து வாங்குங்கள். கடன் அட்டை, மீற்றர் வட்டி முதலிய கொடுங்கடன்களை முதலில் அடையுங்கள். வீட்டுக்கடனிலும் கூடிய வட்டியுடையவை அவை; அவற்றை அடைப்பதே கைமேல் கிடைக்கும் இலாபம். அடுத்து, ஒற்றியிற் போன விளைச்சலையும் சேர்த்துக் குடும்பத்தின் எல்லாக் கடன்களையும் ஒரே தாளில் எழுதுங்கள். அவற்றோடு வீட்டுத் தவணையும் சேர்ந்து கைக்கு வரும் வருமானத்தின் மூன்றிலொன்றுக்குள் அடங்குமா? வட்டி இருமடங்கானாலும் அடுப்பெரியுமா? முற்பணம் கொடுத்தபின் ஆறுமாதச் செலவுக்குக் கையிருப்பு உண்டா? மூன்றுக்கும் ‘ஆம்’ என்று விடை வந்தால் நொத்தாரிசிடம் செல்லுங்கள். இவ்வூரில் வாங்குவோர் 2016 மே மாதத்துக் களனி வெள்ளத்தையும் நினைந்து, நிலத்தின் மட்டத்தை அயலாரிடம் விசாரியுங்கள்.

ஒன்றுக்கேனும் ‘இல்லை’ என்பது விடையானால், வாடகை வீட்டில் இன்னும் சில ஆண்டு இருப்பது இழுக்கன்று. அந்த ஆண்டுகளில் ஒற்றியை மீட்டுத் தந்தையின் தோட்டத்தை அவர் கையிலே திரும்பக் கொடுங்கள். அதன்பின் வாங்கும் வீட்டில் அவரும் மனக்கவலையின்றி வந்து தங்குவார்.