மரபறிவும் செயற்கை நுண்ணறிவும்



நாட்டு முன்னேற்றத்தின் பயன் கடைக்கோடி மனிதனையும் எட்ட வேண்டுமாயின், அவனிடமுள்ள அறிவும் நாட்டின் செல்வமாக மதிக்கப்பட வேண்டும். செயற்கை நுண்ணறிவு பரவிவரும் இக்காலத்தில் இது மேலும் இன்றியமையாததாகிறது.

மஞ்சள் புண்ணை ஆற்றும் என்பதை இந்நாட்டு இல்லங்கள் நெடுங்காலமாக அறியும். எனினும், 1995-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அப்பயனுக்குக் காப்புரிமை வழங்கப்பட்டது. இந்திய அறிவியல், தொழிலக ஆராய்ச்சிக் குழு பழைய நூல்களைச் சான்று காட்டி எதிர்த்ததன் விளைவாக, 1997-இல் அது ரத்துச் செய்யப்பட்டது. 2001-இல் மரபறிவு மின்னணு நூலகப் பணி தொடங்கியது. ஆயுர்வேதம், சித்தம், யுனானி முதலிய நூல்களிலுள்ள செய்திகள் ஐந்து உலக மொழிகளில் அதில் தொகுக்கப்பட்டுள்ளன.

ஏட்டில் ஏறாத அறிவின் நிலை யாது? 1987-இல் அகத்தியர் மலையில் ஆராய்ச்சியாளர்களுக்கு வழிகாட்டிய காணிப் பழங்குடியினர், ஒரு சிறு செடியின் கனியை உண்டு சோர்வின்றி நடந்தனர். அந்த ஆரோக்கியப்பச்சையைக் கொண்டு, கேரளத்துப் பாலோட்டிலுள்ள தாவரவியல் ஆராய்ச்சி நிலையம் 'ஜீவனி' என்னும் மருந்தை உருவாக்கியது. உரிமத் தொகையிலும் ராயல்டியிலும் சரிபாதி காணி மக்களுக்கென ஒதுக்கப்பட்டது. இது உலகின் பாராட்டைப் பெற்ற ஏற்பாடு. ஆயினும், உரிமம் வழங்கப்பட்ட பின்னரே, 1997-இல், அவர்களுக்கான அறக்கட்டளை பதிவாயிற்று. சமூகத்தார் அனைவரின் இசைவும் முன்னரே பெறப்படவில்லை என்ற குறையும் எழுந்தது.

இப்படிப்பினை இன்று பெரிதும் வேண்டப்படுகிறது. கணினி தனக்கு ஊட்டப்பட்ட எழுத்தையும் பேச்சையும் கொண்டே கற்கிறது. சந்தாலி, முண்டாரி, பீலி, கோண்டி ஆகிய மொழிகளுக்கென 2025-இல் பழங்குடியினர் நல அமைச்சகம் 'ஆதி வாணி' என்னும் மொழிபெயர்ப்புக் கருவியைத் தொடங்கியது. மருத்துவ அறிவுரையும் அரசுத் திட்டங்களும் தாய்மொழியிலேயே மக்களை அடைய இத்தகைய கருவிகள் வழி திறக்கின்றன. அதே வழியில் அவர்தம் அறிவு வெளியேறவும் கூடும். கணினி கற்றுக்கொண்டதை மறக்கச் செய்வது எளிதன்று. ஆகவே, இசைவு முன்னரே பெறப்பட வேண்டும்.

2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம் உள்ளூர்க் குழுக்களுக்கும் மக்கள் பதிவேடுகளுக்கும் பயன் பகிர்வுக்கும் வகை செய்துள்ளது. எதைப் பதிவு செய்வது, எதை மறைபொருளாகக் காப்பது என்பதை அறிவுக்கு உரியவர்களே முடிவு செய்தல் வேண்டும். பழங்குடி மக்கள் கணினிக்குச் செய்தி தருவோராக மட்டும் நின்றுவிடாமல், பயனில் பங்காளிகளாகவும் ஆகும்போதுதான் வளர்ச்சி அனைவருக்கும் உரியதாகும்.