சத்திரக்காரனை நம்பிய சமாரியன்



செல்வ நாடுகளின் திருச்சபையினர் ஓரிரு வாரம் ஏழை நாடொன்றில் தங்கி, சுவர் எழுப்பியும் வர்ணம் பூசியும் விடுதிப் பிள்ளைகளோடு விளையாடியும் திரும்புகின்ற குறுகியகால ஊழியப் பயணம், இன்று கிறிஸ்தவ இரக்கத்தின் சிகரமாகப் போற்றப்படுகிறது. பயணிகளின் நல்லெண்ணத்தை நான் ஐயுறவில்லை. இரக்கம் மெய்யானதா என்பதைப் பெறுபவரின் வாழ்வில் நிலைத்து நிற்கும் நன்மையைக் கொண்டே தீர்மானிக்க வேண்டும் என்றும், அந்தச் சோதனையில் இத்தகைய பயணங்கள் பல தோற்றுவிடுகின்றன என்றும் அழுத்திச் சொல்கிறேன்.

மத்திய அமெரிக்காவின் ஹோண்டுராஸை 1998 அக்டோபர் இறுதியில் மிட்ச் சூறாவளி சிதைத்த பின்னர், வட அமெரிக்கத் திருச்சபைக் குழுக்கள் அணியணியாகச் சென்று வீடு கட்டின. அப்பணியை ஆராய்ந்த சமூகவியலாளர் கர்ட் வெர் பீக், ஏறத்தாழ 2,000 டாலரில் முடியும் வீடொன்றுக்காக ஒரு குழு, விமானக் கட்டணம் உட்பட, சுமார் 30,000 டாலர் செலவிட்டதை எடுத்துக்காட்டினார். அயலார் கட்டிய வீட்டில் குடியேறியவர்களுக்கும் உள்ளூர் நிறுவனம் கட்டிய வீட்டில் குடியேறியவர்களுக்கும் வாழ்வில் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதையும் அவர் காணவில்லை. ஒரு குழுவின் செலவில் பதினைந்து குடும்பங்களுக்குக் கூரை கிடைத்திருக்கும். அவ்வூர்க் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் கூலி கிடைத்திருக்கும். பயணம் போனவரின் உள்ளம் மாறி, அவர் பின்னாளில் தாராளமாகக் கொடுக்கிறார் என்று மறுப்புரைப்போர், பயணிகளின் காணிக்கைப் பழக்கத்திலும் பெரிய நிலையான மாற்றத்தை அந்த ஆய்வு காணவில்லை என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பணம் வீணானதைவிடக் கொடியது, பிள்ளைகளுக்கு நேர்ந்தது. 2010 ஜனவரி 12-இல் ஹெய்ட்டி நிலநடுக்கத்தால் நொறுங்கியபோது உதவ விரைந்த அமெரிக்கக் கிறிஸ்தவர் பத்துப் பேர், அம்மாத இறுதியில் 33 குழந்தைகளை உரிய ஆவணமின்றி எல்லை கடந்து டொமினிக்கன் குடியரசுக்குக் கொண்டுசெல்ல முயன்று கைதாயினர். கடத்தல் குற்றச்சாட்டு பின்னர் கைவிடப்பட்டது. எனினும் அநாதைகள் என்று கருதப்பட்ட அக்குழந்தைகளுக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருந்தது வெளிப்பட்டது. அந்த நிகழ்வு தனித்ததன்று; அநாதை இல்லங்களைத் தேடிப் பயணிகளும் காணிக்கையும் வரும் நாடுகளில் இல்லங்கள் பெருகுகின்றன. பெருகிய இல்லங்களை நிரப்ப, படிப்பும் சோறும் கிடைக்கும் என்ற நம்பிக்கையூட்டி, ஏழைத் தாயிடமிருந்து பிள்ளை பிரிக்கப்படுகிறது. அந்தத் தாயின் கையில் உதவியைச் சேர்த்திருந்தால் பிள்ளை அவள் மடியிலேயே வளர்ந்திருக்கும்.

வேதம் காட்டும் வழி வேறு. லூக்கா சுவிசேஷத்தின் பத்தாம் அதிகாரத்தில் வரும் சமாரியன், அடிபட்டவனுக்குக் காயம் கட்டி, அவனைச் சத்திரத்தில் சேர்த்து, இரண்டு நாள் கூலிக்கு ஈடான பணத்தைச் சத்திரக்காரனிடம் கொடுத்து, மேற்கொண்டு ஆகும் செலவையும் தானே ஏற்பதாக வாக்களித்துச் சென்றான். அவ்விடத்தில் இருப்பவனை நம்பிப் பொறுப்பை ஒப்படைத்த அந்தச் செயலே இரக்கத்தை நிறைவாக்கியது.

அவ்வழியில் நடந்தவரும் உண்டு. அமெரிக்க மருத்துவர் ஐடா ஸ்கடர் 1900-இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு மருத்துவப் பணியைத் தொடங்கி, 1918-இல் இந்நாட்டுப் பெண்களையே மருத்துவர்களாக்கும் பள்ளியை நிறுவினார்; அவர் காலத்துக்குப் பின்னும் அப்பணி வளர்ந்ததற்கு, உள்ளூர்க் கைகளைப் பழக்கிய அந்தத் தொலைநோக்கே அடித்தளம்.

ஆகவே வெளிநாட்டுக்குக் குழு அனுப்ப நினைக்கும் ஒவ்வொரு திருச்சபையும், தன்னை அழைத்தவர் யார், அவ்வேலைக்கு அங்கே ஆள் இல்லையா, குழு திரும்பிய பின் பணியை நடத்துபவர் யார் என்னும் மூன்று கேள்விகளுக்குப் பயணச்சீட்டு வாங்குமுன் விடை சொல்லக் கடமைப்பட்டுள்ளது. உள்ளூரார் அழைத்து, அங்கே கிடைக்காத அறுவை மருத்துவம் போன்ற திறனைக் கொண்டுசென்று, அவர்கள் சொற்படி பணியாற்றி, அத்திறனை அவர்களுக்கும் கற்பிக்கும் பயணத்தை எவரும் தடுக்க வேண்டியதில்லை. விடை சொல்ல இயலாத திருச்சபை, பயணத்தைக் கைவிட்டு, அதற்கெனத் திரட்டிய காணிக்கை முழுவதையும் அந்த ஊரின் திருச்சபையிடமும் தொழிலாளரிடமும் தாய்மாரிடமும் ஒப்படைப்பதே கிறிஸ்துவுக்குக் கீழ்ப்படிதலாகும்.