காவி கட்டியவரும் கல் உடைத்தவர்களும்

(மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று ஒரு சாமியாரைப் பற்றிப் பேசப் போகிறேன். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தோழர் சிரிக்கிறார். "கூலியைப் பற்றிப் பேசுவார் என்று ஷிப்டு முடிந்த கையோடு வந்தோம், இவர் சாமியார் கதையை எடுக்கிறாரே!" என்று அவர் நினைக்கிறார். தோழரே, கூலியைப் பற்றித்தான் பேசப் போகிறேன். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

காவித் துணியைக் கண்டதும் நம்மில் சிலர் காலில் விழுகிறோம். சிலர் முகத்தைத் திருப்பிக் கொள்கிறோம். இரண்டு பேரும் துணியைத்தான் பார்க்கிறோம். துணிக்குள் இருக்கும் மனிதன் யார் பக்கம் நிற்கிறான் என்று பார்ப்பதில்லை. அதைப் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் சுவாமி அக்னிவேஷின் கதையைச் சொல்கிறேன்.

அவர் 1939ல் ஆந்திரத்தின் ஸ்ரீகாகுளத்தில் ஒரு பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே தந்தையை இழந்து, இன்றைய சத்தீஸ்கரில் உள்ள சக்தி என்ற ஊரில் தாத்தா வீட்டில் வளர்ந்தார். படித்தார். கல்கத்தாவில் கிறிஸ்தவப் பாதிரிமார் நடத்தும் செயின்ட் சேவியர் கல்லூரியில் ஆசிரியராக இருந்தார். வேலை நிரந்தரம், சம்பளம் நிச்சயம், மரியாதைக்கும் குறைவில்லை. அதையெல்லாம் விட்டுவிட்டு 1968ல் ஹரியானாவுக்குப் போனார். ஆரிய சமாஜத்தில் சேர்ந்து 1970ல் சன்னியாசம் வாங்கினார்.

சன்னியாசி என்றால் மலைக்குப் போவார், மடத்தில் உட்காருவார் என்றுதானே நினைப்போம்? இவர் அரசியலுக்கு வந்தார். எமர்ஜென்சியில் சிறைக்குப் போனார். 1977ல் ஹரியானா சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பிறகு கல்வி மந்திரியும் ஆனார். அந்தச் சமயத்தில் பரிதாபாத் தொழிற்பேட்டையில் தொழிலாளர்கள் மீது போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. தாம் இருந்த சர்க்காரையே அவர் எதிர்த்துக் கேள்வி கேட்டார். பதில் கிடைக்கவில்லை. மந்திரி பதவியை உதறிவிட்டு வெளியே வந்தார். மந்திரியாக இருப்பவர் தொழிலாளிக்காக நாற்காலியை விடுவது நாம் தினம் பார்க்கிற காட்சியா, சொல்லுங்கள்!

வெளியே வந்தவர் எங்கே போனார்? அதே பரிதாபாத் ஜில்லாவின் கல் குவாரிகளுக்குப் போனார். 1981ல் 'பந்துவா முக்தி மோர்ச்சா' என்ற ஸ்தாபனத்தைத் தொடங்கினார். நம் பாஷையில் சொன்னால் கொத்தடிமை விடுதலை முன்னணி. டில்லிக்குப் பக்கத்தில், பார்லிமெண்டுக்குக் கூப்பிடு தூரத்தில், மகாராஷ்டிரம், மத்தியப் பிரதேசம், உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான் என்று பல ராஜ்யங்களிலிருந்து வந்த ஏழைகள் அங்கே கல் உடைத்துக் கொண்டிருந்தார்கள். 1982 பிப்ரவரியில் அவருடைய முன்னணி சுப்ரீம் கோர்ட்டு நீதிபதி ஒருவருக்கு ஒரு கடிதம் எழுதியது. வக்கீல் வைத்து, முத்திரை ஒட்டிப் போட்ட வழக்கு அல்ல, வெறும் கடிதம். கோர்ட்டு அந்தக் கடிதத்தையே வழக்காக எடுத்துக்கொண்டு, குவாரிகளை நேரில் பார்க்க ஆட்களை அனுப்பியது.

போனவர்கள் கண்டது என்ன? மூச்சு விட முடியாதபடி காற்றெல்லாம் கல் தூசி. பஞ்சுத் தூசியில் மூச்சிரைக்கும் மில் தோழர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. குடிக்க ஓடைத் தண்ணீர். கல்லின் மேல் கல்லை அடுக்கிச் சுவர், மேலே வைக்கோல், அதுதான் வீடு. அதற்குள் நிமிர்ந்து நிற்க முடியாது. வெயிலும் மழையும் உள்ளே வரும். நோய்க்கு வைத்தியம் இல்லை. கையோ காலோ போனால் நஷ்ட ஈடு இல்லை. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. குவாரியை விட்டு வெளியே போக அனுமதி இல்லை என்று பலர் சொன்னார்கள்.

ஹரியானா சர்க்கார் என்ன பதில் சொன்னது தெரியுமா? "இவர்கள் கட்டாய வேலை செய்கிறார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் முன்பணம் வாங்கிக் கடன்பட்டதை நிரூபிக்காதவரை இவர்களைக் கொத்தடிமைகள் என்று சொல்ல முடியாது" என்று வாதித்தது. பேனா பிடிக்கத் தெரியாதவனிடம் புரோநோட்டைக் காட்டு என்று கேட்டது!

1983 டிசம்பர் 16ந் தேதி நீதிபதி பகவதி தலைமையில் மூன்று நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். கட்டாய வேலை வாங்கப்படுகிறது என்று தெரிந்தால் போதும். அது முன்பணத்துக்கோ வேறு கடனுக்கோ ஈடாகத்தான் என்று கோர்ட்டு எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டுவது முதலாளியின், சர்க்காரின் பொறுப்பு என்றார்கள். சுத்தமான தண்ணீர், வைத்தியம், தூசியைக் குறைப்பது, குறைந்தபட்சக் கூலி என்று 21 உத்தரவுகள் போட்டார்கள்.

தோழர்களே! இது ஹரியானாக் கதை என்று எண்ணாதீர்கள். நம் பக்கத்துச் செங்கல் சூளையிலும் அரிசி மில்லிலும் முன்பணம் வாங்கிக்கொண்டு, குடும்பத்தோடு மாட்டிக்கொண்டவர்களை நீங்கள் அறிவீர்கள். 1976ம் வருஷத்துக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி அந்தக் கடன் செல்லாது. அப்படி வேலை வாங்குகிறவனுக்கு மூன்று வருஷம் வரை சிறை உண்டு. சட்டத்தை நடத்தி வைக்கும் பொறுப்பு கலெக்டருடையது. தாழ்வாரத்தில் தொங்கும் காலண்டருக்குப் பக்கத்தில் இதையும் எழுதி ஒட்டி வையுங்கள்.

இனி அடுத்த விஷயத்துக்கு வருகிறேன். கொத்தடிமைகளுக்காகப் போராடிய இந்தச் சன்னியாசி, ஏன் மதக் கலவரங்களுக்கு நடுவிலும் போய் நின்றார்?

1987ல் ராஜஸ்தானின் தேவராலாவில் பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி கணவனின் சிதையில் எரிந்து செத்தாள். அதைப் புண்ணியம் என்று கொண்டாட ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள். பெரிய பீடத்தில் இருந்தவரே சதியை நியாயப்படுத்தினார். அக்னிவேஷ் டில்லியிலிருந்து தேவராலாவை நோக்கி நடந்தார். வேதத்தில் இதற்கு இடமில்லை, இது கொலை என்று, வேதம் படித்தவர்களிடமே வாதாடினார்.

அதே வருஷம் மே மாதம் மீரட்டில் கலவரம். ஹாஷிம்புராவில் முஸ்லிம் வாலிபர்களை ஆயுதப் போலீசார் லாரியில் ஏற்றிக்கொண்டு போய்ச் சுட்டுக் கால்வாயில் தள்ளினார்கள். அந்தக் குற்றத்துக்கு டில்லி ஹைகோர்ட்டு 16 பேருக்கு ஆயுள் தண்டனை கொடுக்க 2018 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் அக்னிவேஷ் காத்திருக்கவில்லை. பல மதத்தவரைச் சேர்த்துக்கொண்டு டில்லியிலிருந்து மீரட்டுக்கு அமைதிப் பயணம் நடத்தினார்.

1988ல் ராஜஸ்தானின் நாத்வாரா கோயிலுக்குள் தாழ்த்தப்பட்ட மக்கள் போகும் உரிமைக்காகப் போராடினார். 1999 ஜனவரியில் ஒரிசாவின் மனோகர்பூரில் குஷ்டரோகிகளுக்குத் தொண்டு செய்த கிரகாம் ஸ்டெயின்ஸ் என்ற பாதிரியாரையும், பத்து வயதும் ஆறு வயதும் ஆன அவருடைய இரண்டு மகன்களையும் ஜீப்புக்குள்ளேயே எரித்துக் கொன்றார்கள். பல மதத் தலைவர்களைக் கூட்டிக்கொண்டு அக்னிவேஷ் அந்த ஊருக்கே போனார். 2004ல் அவருக்கும், அஸ்கர் அலி என்ஜினியர் என்ற முஸ்லிம் சீர்திருத்தவாதிக்கும், மத ஒற்றுமைக்குப் பாடுபட்டதற்காகச் சுவீடனில் ஒரே பரிசைக் கூட்டாகக் கொடுத்தார்கள். மாற்று நோபல் பரிசு என்று அதைச் சொல்வார்கள்.

கல் குவாரியும் கலவரமும் வேறு வேறு விஷயங்களா? நமது அரசியல் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். 23வது ஷரத்து, கூலி இல்லாத கட்டாய வேலை கூடாது என்கிறது. இரண்டே ஷரத்து தள்ளி 25வது ஷரத்து, அவரவர் மனசாட்சிப்படி கும்பிட எல்லோருக்கும் சம உரிமை என்கிறது. ஒன்று நம் கைக்குக் காவல். மற்றது நம் மனசுக்குக் காவல். ஒரு காவல் போனால் மற்றதும் நிலைக்காது.

ஏன்? நடவு வயலை நினைத்துப் பாருங்கள். மாரியம்மனுக்குத் தீ மிதிக்கிறவளும், மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றுகிறவளும், நாகூர் ஆண்டவரை நினைத்து முக்காடு போடுகிறவளும் ஒரே வரப்பில் இறங்குகிறார்கள். மூன்று பேருக்கும் கூலி குறைந்தால் மூன்று பேரும் சேர்ந்து கேட்பார்கள். அவர்களுக்குள் சண்டை மூட்டிவிட்டால்? அன்று மாலையே மேஸ்திரி கூலியைக் குறைப்பான். ஒவ்வொருத்தியும் தனியே நின்று வாங்கிக்கொண்டு போவாள். அடுத்தவன் கும்பிடும் உரிமையைக் காப்பாற்றுவது அவனுக்குச் செய்யும் தயவு என்று நினைக்காதீர்கள். நம் கூலிக்கு நாமே போட்டுக்கொள்ளும் வேலி அது.

இப்படிப்பட்டவருக்கு என்ன கிடைத்தது? 2018 ஜூலை 17ந் தேதி ஜார்க்கண்டின் பாகூருக்கு ஆதிவாசிகளின் கூட்டத்தில் பேசப் போனார். வயது 78. ஓட்டலுக்கு வெளியே ஒரு கும்பல் சூழ்ந்துகொண்டு தலைப்பாகையைப் பிடுங்கியது, துணியைக் கிழித்தது, கீழே தள்ளி அடித்தது. பாதிரிமார்களின் கையாள் என்று ஏசியது. கும்பல் கொலைகளைத் தடுக்க சர்க்கார்கள் செய்ய வேண்டியவற்றை டில்லியில் சுப்ரீம் கோர்ட்டு அறிவித்ததும் அதே நாள்தான்! மறு மாதம் டில்லியில், மறைந்த வாஜ்பாயிக்கு அஞ்சலி செலுத்தப் போன இடத்திலும் அவரைத் தாக்கினார்கள். 2020 செப்டம்பர் 11ந் தேதி ஈரல் நோயால் காலமானார்.

யோசித்துப் பாருங்கள். அவர் கட்டியிருந்ததும் காவிதான். வாயில் வந்ததும் வேதம்தான். அந்தக் காவி அவரைக் காப்பாற்றவில்லையே, ஏன்? அவர் ஏழையின் பக்கமும், அடுத்த மதத்தவன் பக்கமும் நின்றார். இந்து தர்மத்தைக் காக்கிறோம் என்று கூச்சல் போட்டவர்களுக்கு, அந்தத் தர்மத்தில் ஊறிய ஒரு கிழச் சன்னியாசியின் தலைப்பாகைகூடப் புனிதமாகத் தெரியவில்லை.

இங்கே ஒரு தோழர் கேட்கலாம்: "வேதத்தில் சமத்துவம் இருக்கிறது என்று அவர் சொன்னாரே, அதை நீங்கள் ஏற்கிறீர்களா?" நேராகவே சொல்கிறேன், நான் ஏற்கவில்லை. வேதத்தின் பெயரால் நம் பாட்டன் காதுக்கும் வாய்க்கும் பூட்டுப் போட்டதை நாம் மறந்துவிடவில்லை. இந்த விஷயத்தில் அவரோடு விடிய விடிய வாதாடலாம். ஆனால் குவாரியில் ஓடைத் தண்ணீர் குடித்தவனுக்கு அந்த வாதம் முடியும்வரை தாகம் பொறுக்குமா? வாதம் ஒரு பக்கம் நடக்கட்டும். குடத்தைத் தூக்க வந்தவனின் கையைத் தட்டிவிடாதீர்கள்.

அதேபோல், சாமி கும்பிடும் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் நெற்றித் திருநீற்றை யாரும் அழிக்கச் சொல்லவில்லை. அதை வைத்துக்கொண்டே, பக்கத்து வீட்டுக் காதர் பாயின் கடையைக் கொளுத்த வருகிறவனைப் பார்த்து, "என் சாமி இதைச் சொல்லவில்லை, போடா" என்று சொல்லுங்கள். நாங்கள் நூறு மேடையில் பேசினாலும் வராத பலன், நீங்கள் சொல்லும் அந்த ஒரு வார்த்தைக்கு உண்டு. அக்னிவேஷ் செய்ததும் அதுதான்.

கடைசியாக ஒன்று. நாளைக் காலை டீக்கடையில் ஒருவன் உங்களிடம் வந்து, "நம் மதத்துக்கு ஆபத்து" என்று காதில் ஓதுவான். அவனை விரட்ட வேண்டாம், உட்கார வையுங்கள். ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். பிறகு மூன்று கேள்வி கேளுங்கள். எங்கள் கூலிப் போராட்டத்தில் நீ எங்கே நின்றாய்? சூளையில் மாட்டிக்கொண்ட குடும்பத்தை மீட்கக் கலெக்டர் ஆபீசுக்கு வருவாயா? தாழ்த்தப்பட்ட தெருக்காரன் உன் கோயில் வாசற்படி ஏறினால் அவன் கையைப் பிடித்துக் கூட்டிப் போவாயா?

மூன்றுக்கும் ஆம் என்றால், அவன் எந்தத் துணி கட்டியிருந்தாலும் நம் ஆள். நாளைய ஊர்வலத்தில் பக்கத்தில் நிற்க வையுங்கள். பதில் சொல்லாமல் எழுந்து போனால், டீக்காசு நஷ்டம்தான். ஆனால் ஆள் யாரென்று தெரிந்துவிட்டது.