பேரிடர் நிதிக்கு விண்ணப்பிக்கும்போது நாம் செய்யும் தவறுகள்
(நமது அறக்கட்டளையின் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)





2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடலோரத்தோடு போய்விடும் என்றுதான் நாம் இருந்தோம். டிசம்பர் 2 காலை வரையிலான ஒரே நாளில் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர், அரூரில் 33 சென்டிமீட்டர் மழை. ஊத்தங்கரையில் நிறுத்தியிருந்த வண்டிகளை வெள்ளம் உருட்டிச் சென்றது. வறட்சி மாவட்டம் என்று பேர் வாங்கிய தருமபுரியிலும் வெள்ளம் வரும் என்று அல்லாஹ் காட்டிவிட்டான்.

அதன் பிறகு, இனியாவது முன்கூட்டியே தயாராக வேண்டும் என்று ஒரு நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு நிதிக்கு விண்ணப்பித்தோம். விண்ணப்பம் திரும்பி வந்தது. அவர்கள் மீது குறை சொல்ல ஒன்றுமில்லை. தவறு நம்முடையது. அதை மறைக்காமல் உங்கள் முன் வைக்கிறோம்.

முதல் தவறு, கேட்டதே தவறு. அந்த நிதி பேரிடரைத் தாங்கும் ஏற்பாடுகளுக்கானது. நாம் கேட்டதோ அரிசி, போர்வை, பாய். வெள்ளம் வந்த பின் கொடுப்பது நிவாரணம். வருவதற்கு முன் செய்வது தயார்நிலை. இரண்டும் நன்மைதான், ஆனால் இரண்டுக்கும் நிதி வேறு. நபி யூசுஃப் (அலை) அவர்கள் விளைச்சல் உள்ள ஏழு ஆண்டுகளில் தானியத்தைச் சேமிக்கச் செய்ததால்தான் பஞ்சம் வந்தபோது மக்கள் பிழைத்தார்கள். வடிகால், உயரமான இடத்தில் தங்குமிடம், குடிநீர்த் தொட்டி, பயிற்சி பெற்ற இளைஞர்கள் என்று நாம் கேட்டிருக்க வேண்டும்.

இரண்டாவது, அளவில்லாத பேச்சு. "ஏராளமானோர் பாதிக்கப்பட்டனர்" என்று எழுதினோம். எத்தனை வீடு, எந்தத் தெரு, எத்தனை அடி தண்ணீர் என்று எழுதவில்லை. நம் மாவட்டத்துத் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம் என்பது முறையாக அளந்து காட்டப்பட்டது. அதன் பேரில்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் வந்தது. அளந்து காட்டினால்தான் கேட்பவர் நம்புவார்.

மூன்றாவது, "முஸ்லிம் குடும்பங்களுக்கு" என்று மட்டும் எழுதியது. வெள்ளம் ஜமாஅத் பார்த்து வருவதில்லை. நாம் சோறு ஆக்கியபோதும் சகோதர சமய மக்களுக்கும் சேர்த்துத்தான் கொடுத்தோம். செய்ததை எழுதாமல் விட்டோம். மேலும், ஒரு குறிப்பிட்ட சமயத்தாருக்கு மட்டும் என்று அமைந்த அறக்கட்டளைக்கு 80ஜி வரிச்சலுகை கிடைக்காது என்பது சட்டம்.

நான்காவது, காகிதங்கள். 2021 ஏப்ரல் முதல் சமூகப் பொறுப்பு நிதியைப் பெற்றுப் பணி செய்யும் அமைப்புகள் சி.எஸ்.ஆர்.1 படிவத்தில் பதிந்திருக்க வேண்டும். அதற்கு 12ஏ, 80ஜி இரண்டும் தேவை. குறைந்தது மூன்றாண்டு பணி அனுபவமும் காட்ட வேண்டும். பத்திரத்தில் ஒரு பெயர், பான் அட்டையில் வேறு எழுத்து என்றிருந்தால் அங்கேயே நின்றுவிடும். கட்டடம் வரும் இடம் வக்ஃபு நிலமாக இருந்தால் வாரியத்தின் அனுமதியையும் முதலிலேயே பெற வேண்டும்.

ஐந்தாவது, வெளிநாட்டுப் பணம். இதில் நம் குடும்பங்கள் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். வளைகுடாவில் இருக்கும் நம் பிள்ளை இந்தியக் குடிமகனாக இருந்து, சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்ட உறவினர் அனுப்பினால், அவர் நம் சொந்த மச்சானே ஆனாலும், அது வெளிநாட்டு நன்கொடைதான். எஃப்.சி.ஆர்.ஏ. பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் அதை வாங்கக் கூடாது. நல்ல எண்ணத்தில் வாங்கினாலும் சட்டப்படி குற்றம்.

ஆறாவது, கணக்கு. ஜகாத் பணத்துக்கு உரியவர்கள் எட்டுப் பிரிவினர் என்று மார்க்கம் வரையறுத்துள்ளது. அதை நிறுவன நிதியோடு ஒரே கணக்கில் கலந்தால் மறுமையிலும் பதில் சொல்ல வேண்டும், தணிக்கையிலும் பதில் சொல்ல வேண்டும். "மோட்டார் வகையறா, ஐந்து லட்சம்" என்று மொத்தமாக எழுதக் கூடாது; விலைப்புள்ளி வாங்கி இனம் இனமாக எழுத வேண்டும். அந்த மோட்டாரை மூன்றாம் ஆண்டில் யார் பழுது பார்ப்பார், டீசல் செலவு எதிலிருந்து என்பதையும் எழுத வேண்டும். பிறர் பணம் நம் கையில் அமானத்.

சகோதரர்களே, அடுத்த வடகிழக்குப் பருவமழைக்குள் மறுபடியும் விண்ணப்பிக்கப் போகிறோம். அதற்கு உங்களிடம் நாம் கேட்பது பணம் அல்ல. தெருவுக்கு இருவர் முன்வாருங்கள். ஆண் ஒருவர், பெண் ஒருவர். தாழ்வான வீடுகள், படுக்கையில் இருக்கும் முதியவர்கள், கர்ப்பிணிகள், நடக்க முடியாதவர்கள், அந்த மழையில் தண்ணீர் நின்ற உயரம் ஆகியவற்றை எல்லாச் சமயத்தார் வீடுகளிலும் கேட்டுக் குறித்துத் தாருங்கள். நிதி கிடைத்தால் அந்தப் பட்டியல் விண்ணப்பத்துக்கு ஆதாரம். கிடைக்காமலே போனாலும், மழை இரவில் எந்தக் கதவை முதலில் தட்ட வேண்டும் என்பது நமக்குத் தெரிந்திருக்கும்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்க வேண்டும் என்று கற்றவர்கள் நாம். வல்ல அல்லாஹ் நம் தவறுகளை மன்னித்து, இந்த முயற்சியை ஏற்றுக்கொள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.