வானத்துத் துப்புரவாளர்



ஒருவரை இழிவாகப் பேச வேண்டுமானால் பிணந்தின்னிக் கழுகு என்கிறோம். அவ்வாறு பேசும் நம்மிற் பெரும்பாலானோர் அப்பறவையை நேரிற் கண்டதேயில்லை. காகமும் பருந்தும் நம் ஊர்களில் உண்டு. பிணந்தின்னிக் கழுகு இலங்கையில் நிலையாக வாழும் பறவையன்று. நமக்கு அண்மையில் இந்தியா, பாகிஸ்தான், நேபாளம் ஆகிய நாடுகளிலேயே அவை பெருந்தொகையாக வாழ்ந்தன. அரபு மொழியில் இதற்கு 'நஸ்ர்' என்று பெயர். நபி நூஹ் (அலை) அவர்களின் சமூகத்தார் வணங்கிய சிலைகளுள் ஒன்றின் பெயரும் அதுவே என்பதை ஸூரா நூஹில் காண்கிறோம். அவர்கள் அப்பெயரில் ஒன்றை வணங்கினார்கள். நாமோ வசைச் சொல்லாக்கினோம்.

இப்பறவையின் அமைப்பைச் சற்று நோக்குங்கள். விரித்த சிறகின் அகலம் இரண்டு மீற்றருக்கும் அதிகம். அது சிறகடித்துக் களைப்பதில்லை; வெயிலில் சூடேறி மேலெழும் காற்றில் ஏறி, மணிக்கணக்காக வட்டமிடுகிறது. வானில் சிறகுகளை விரித்து நிற்கும் பறவைகளைப் பார்க்குமாறு ஸூரா அல்முல்க் நம்மை அழைக்கிறதல்லவா? அக்காட்சிக்கு இதைவிடப் பொருத்தமான பறவை அரிது. தலையிலும் கழுத்திலும் இறகு மிகக் குறைவு. அதனை அவலட்சணம் என்கிறோம். செத்த மாட்டின் உடலுக்குள் தலையை நுழைத்து உண்ணும் பறவைக்கு அடர்ந்த இறகிருந்தால் இரத்தமும் அழுக்கும் படிந்து ஊறிவிடும். வெறுமையான தோலோ வெயிலில் விரைவாகக் காய்ந்துவிடுகிறது. வளைந்த அலகு தோலைக் கிழிப்பதற்கு. கால்களோ பருந்தின் கால்களைப் போல் இரையைப் பற்றித் தூக்கும் வலிமையுடையனவல்ல. வேட்டையாடுவது அதற்கு விதிக்கப்பட்ட தொழிலன்று. ஒரு கழுகு கீழிறங்குவதைக் கண்டால், தொலைவில் வட்டமிடும் மற்றவையும் அதனைத் தொடர்ந்து வந்து இறங்குகின்றன. கூட்டமாக வந்தால் ஒரு மாட்டின் உடல் மிகக் குறுகிய நேரத்தில் எலும்பாகிவிடும். அவற்றின் இரைப்பை அமிலம் மிகக் கடுமையானது. மனிதனைக் கொல்லும் நோய்க்கிருமிகள் பல அங்கேயே அழிந்து போகின்றன.

செத்த பிராணி நமக்கு ஹராம். அப்பறவைக்கு அதுவே ரிஸ்க். நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகிச் செல்லும் இடத்தில் அதன் கடமை தொடங்குகிறது.

1990களில் இந்தியாவில் இக்கழுகுகள் கூட்டங் கூட்டமாக இறக்கத் தொடங்கின. ஏனென்று நெடுங்காலம் விளங்கவில்லை. பாகிஸ்தானில் நடந்த ஆய்வொன்று 2004இல் காரணத்தைக் கண்டறிந்தது. டைக்குளோபெனாக் என்னும் வலி நிவாரணி மருந்தே அது. நோயுற்ற மாட்டின் மீது இரக்கங்கொண்டு அம்மருந்தை ஏற்றினார்கள். அம்மாடு இறந்தபின் அதன் இறைச்சியை உண்ட கழுகின் சிறுநீரகம் செயலிழந்து, சில நாட்களில் அதுவும் இறந்தது. இதிலே எவரும் தீங்கை நாடவில்லை என்பதை நினைவிற் கொள்ளுங்கள். ஆனாலும் வெண்முதுகுக் கழுகினம் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்குக்கும் மேல் அழிந்தது. 2006இல் இந்தியா, பாகிஸ்தான், நேபாளம் ஆகிய மூன்று நாடுகளும் கால்நடைகளுக்கு அம்மருந்தைத் தடை செய்தன. ஆண்டுக்கு ஒரு முட்டை மாத்திரமே இடும் பறவை அத்தனை விரைவில் மீளுமா?

அகற்ற ஆளின்றிச் செத்த மாடுகள் அழுகின, நீர்நிலைகள் மாசுற்றன, தெருநாய்கள் பெருகின. 2024இல் வெளியான ஓர் ஆய்வு, 2000 முதல் 2005 வரையான காலத்தில் இந்தியாவில் ஏறத்தாழ ஐந்து இலட்சம் மேலதிக மனித மரணங்களுக்கு இக்கழுகுகளின் அழிவு காரணமாயிற்று என மதிப்பிடுகிறது.

ஜனாஸாவைக் குளிப்பாட்டுவதும் அடக்குவதும் பர்ளு கிபாயா. சிலர் நிறைவேற்றினால் ஏனையோர் பொறுப்பு நீங்கும்; எவருமே செய்யாவிடின் அனைவரும் குற்றவாளிகள். பறவைக்கு மார்க்கக் கடமையில்லை என்பது உண்மைதான். எனினும் அது ஊருக்காகச் செய்துவந்த வேலையின் தன்மை அத்தகையது.

பெற்றோர்களே, பாடசாலைக்குச் செல்ல மறுக்கும் பிள்ளையிடம் நம் வீடுகளில் என்ன சொல்கிறோம்? "படிக்காவிட்டால் குப்பை அள்ளத்தான் போவாய்!" அதிகாலையில் நம் வாசற் குப்பையை அள்ளிச் செல்லும் அந்த மனிதரின் காதிலும் அச்சொல் விழுகிறது. இளைஞர்களே, அவருடைய பெயர் உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

மஸ்ஜிதுந் நபவியைக் கூட்டிப் பெருக்கிவந்த பெண்மணி ஒருவர் வபாத்தானார். அவருடைய மறைவு அற்பமான செய்தியென எண்ணியவர்கள்போல் ஸஹாபாக்கள் அதனை நபி (ஸல்) அவர்களுக்குத் தெரிவிக்காமலே அடக்கிவிட்டார்கள். சில நாட்களாக அவரைக் காணாத நபியவர்கள் விசாரித்தார்கள். இறந்துவிட்டார் என்று கேள்வியுற்றதும், தமக்கு ஏன் அறிவிக்கவில்லை என்று வினவினார்கள். பின்னர் அப்பெண்மணியின் கப்ரைக் காட்டும்படி கூறி, அங்கு சென்று, அவருக்காகத் தொழுதார்கள்.