ஆய்க்குடியும் குதிரை மறமும்



1904ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் குதிரையேறிய தொண்டர்படை ஒன்று தோன்றியது. தென்மாகாணக் குதிரைத் துப்பாக்கிப் படை என்பது அதன் பெயர். பெரும்பாலும் ஐரோப்பியரைக் கொண்டிருந்த அப்படை, 1947இல் நாடு விடுதலை பெற்றபின் கலைந்தது. அதன் தொப்பிச் சின்னங்களைச் சேகரிப்போர் இன்றும் தேடி வாங்குகின்றனர். ஆய்க்குடியைச் சூழ்ந்த இந்தத் தென்காசிச் சீமையின் குதிரை வீரர் அணிந்த சட்டை எங்கே? ஏறிய சேணம் எங்கே? விடையின் ஒரு பகுதி வரலாற்றில் உள்ளது. பாளையக்காரர் போர் ஓய்ந்த 1801இல் கும்பினியார் பாளையங்களின் கோட்டைகளை இடிக்கச் செய்தனர். படைக்கலம் வைத்திருத்தலையும் தடுத்தனர். மற்றொரு பகுதி புறநானூற்றில் உள்ளது.

அங்கே குதிரை மறம் என ஒரு துறையே உண்டு. 299ஆம் பாட்டில் பொன்முடியார் காட்டும் சீறூர் மன்னன் பேரரசன் அல்லன். பருத்தி வேலியிட்ட ஊர் ஒன்றின் தலைவன். அவன் குதிரை தின்பது உளுந்துச் சக்கை. நடையோ தளர்ந்த நடை. பெருவேந்தன் குதிரைகளோ நெய்ச்சோறு உண்டவை. போர் வந்தபோது பகைப்படையைப் பிளந்து சென்றது சக்கை தின்ற குதிரை. நெய்ச்சோற்றுக் குதிரைகள் ஒதுங்கி நின்றன. (சிற்றூர்களில் கூடும் இலக்கிய வட்டங்கள் இப்பாட்டை இருமுறை படிக்கலாம்.) ‘வீரப் புரவி’ என்று மட்டும் பொன்முடியார் பாடியிருந்தால் அக்குதிரை அன்றே மறைந்திருக்கும். உளுந்துச் சக்கையே அதைக் காத்தது.

சீருடையைக் காண 279ஆம் பாட்டிற்குச் செல்ல வேண்டும். ஒக்கூர் மாசாத்தியார் பாடிய அந்த இளைஞன் குதிரையேறியவன் அல்லன். முதல்நாள் போரில் கணவனை இழந்த தாய், ஒரே மகனின் தலைக்கு எண்ணெய் தடவி, வெள்ளாடை உடுத்தி, கையில் வேல் தந்து அனுப்புகிறாள். ஊர்ப்படையின் உடுப்பு அவ்வளவே. அதை அணிவித்த கையும் தாயின் கைதான்.

273ஆம் பாட்டில் எல்லார் குதிரைகளும் திரும்பிவிட்டன. ஒருத்தியின் கணவன் ஏறிச்சென்ற குதிரை மட்டும் வரவில்லை. இரண்டு பேராறுகள் கலக்குமிடத்தில் குறுக்கே நின்ற பெருமரம்போல அது சாய்ந்ததோ என அவள் கலங்குகிறாள். அவனுடைய நினைவுப் பொருளாக எருமை வெளியனார் காட்டுவது வாளையன்று, சேணத்தையுமன்று. குடுமி வைத்த சிறு மகனை.

இனி ஆய் அண்டிரன். பொதியமலைச் சாரலிலுள்ள இவ்வூரே அவனது ஆய்க்குடி எனக் கொள்வர். அவன் இறந்தபோது பாடிய குட்டுவன் கீரனார், புரவியும் களிறும் தேரும் பாடுவோர்க்கு வழங்கியவன் என்றே அவனை நினைவுகூர்ந்தார். ஆடையென்று பார்த்தால், சிறுபாணாற்றுப்படை சொல்வது ஒரே ஆடையை; அதையும் அவன் ஆலமர்கடவுளுக்குக் கொடுத்துவிட்டான். ஆகவே பேழையில் வைக்க ஆய்க்குடியில் ஒன்றும் எஞ்சவில்லை. ஏணிச்சேரி முடமோசியார் அவன் அரண்மனைக்குள் நம்மை அழைத்துச் செல்லும்போதும் யானை கட்டிய தறிகள் மட்டுமே நிற்கின்றன. அவற்றில் காட்டு மயில்கள் கூட்டமாகத் தங்கியிருக்கின்றன.